டீக்கடைப் பேச்சிலிருந்து தண்டவாளம் வரை

“வைகை இன்னைக்கு கரெக்ட் டயமாண்ணே?” மதுரையில் மாடல் ரயில் கட்டுகிறவர்கள் இருவர் எதிர்ப்பட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கும். எந்த இஞ்சின் இழுத்து வந்தது, எத்தனை பெட்டி, எந்தப் பிளாட்பாரம் என்று அது நீளும். அங்கிருந்து பழைய மீட்டர் கேஜுக்கும், பழைய பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கும், மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் போகும் போடி லைனுக்கும் தாவும். பக்கத்தில் டீ குடிப்பவருக்கு இது பொழுதுபோக்குப் பேச்சு. மாடல் கட்டுகிறவருக்கு அதில் பாதி வேலைக் குறிப்பு.

ஜெர்மானிய ரயிலைச் சிறிதாக்கிக் கட்ட நினைப்பவருக்கு இஞ்சின், பெட்டி, ஸ்டேஷன் கட்டடம், கைகாட்டி எல்லாம் பெட்டியில் போட்டு விற்கக் கிடைக்கும். போடி லைனிலுள்ள உசிலம்பட்டி ஸ்டேஷனை அப்படி யாரும் விற்பதில்லை. 1875ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்த மீட்டர் கேஜ், 2010 முடிவில் போடி லைனிலும் நின்றுபோனது. பாதை மாற்றிய இடங்களில் பழைய பிளாட்பாரமும் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மிச்சமிருப்பவை சில புகைப்படங்கள், அருங்காட்சியகங்களில் நிற்கும் வண்டிகள், அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களின், பயணம் செய்தவர்களின் நினைவு. அந்த நினைவு அன்றாடப் பேச்சில்தான் வெளியே வரும். அதைக் கேட்டு வாங்குவது, சரிபார்ப்பது, மேஜைமேல் கொண்டுவருவது ஆகிய மூன்றுக்கும் இந்த அத்தியாயம் வழி சொல்கிறது.

பேசப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

கீழே வரும் கணக்குக்கு மேல் கோட்பாடு தேவைப்படாது. உலகில் அதிகம் புழங்கும் மாடல் அளவு ஹெச்.ஓ. நிஜத்தை 87ஆல் வகுத்தால் அந்த அளவு வரும். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ.; அது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை. நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ. என்பதால் சரியான அளவு 19.3 மி.மீ. ஆக வேண்டும். பெரும்பாலோர் இந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டு 16.5லேயே ஓட்டுகிறார்கள்.

மீட்டர் கேஜுக்கு 11.5 மி.மீ. வருகிறது. ஹெச்.ஓ.எம். என்ற பெயரில் 12 மி.மீ. பாதை விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மதுரைக்காரர் ஒருவர் பழைய மீட்டர் கேஜைக் கட்டினால், பிராட் கேஜைக் கட்டுபவரைவிட நிஜத்துக்கு நெருக்கமான பாதை கிடைக்கும். அதில் ஓடும் நம் ஊர் இஞ்சினும் பெட்டியும் மட்டும் கடையில் இருக்காது. கட்டித்தான் ஆக வேண்டும்.

கணக்கைப் பேச்சிலேயே போட்டுப் பழகுங்கள். 170 செ.மீ. உயர ஆள் 2 செ.மீ. பொம்மை ஆவார். 23.5 மீட்டர் நீளமுள்ள இன்றைய எல்.ஹெச்.பி. பெட்டி 27 செ.மீ. ஆகும். ஏறத்தாழ 19.5 மீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பெட்டி இருபத்திரண்டரை செ.மீ. வரும். ‘நாலு பெட்டிதான் ஓடும்ப்பா’ என்று ஒருவர் சொன்ன உடனே, பெட்டிகளுக்கே 90 செ.மீ. வேண்டும் என்று மனதில் ஓடிவிட வேண்டும்.

யாரிடம், எங்கே

பேச்சு கிடைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள். 1956லிருந்து மதுரை ஒரு ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம். அதனால் டிரைவராக, கார்டாக, ஸ்டேஷன் மாஸ்டராக, பாயிண்ட்ஸ்மேனாக, கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர்கள் நகரிலும் சுற்றுப்புறத்திலும் பலர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் அவர்கள் தரும் விவரம் வேறுபடும். டிரைவருக்குக் கைகாட்டி எங்கே நின்றது, எங்கே ஏற்றம் என்பது நன்றாகத் தெரியும்; ஸ்டேஷன் பின்புறச் சுவரின் நிறம் தெரியாது. அதைப் பாயிண்ட்ஸ்மேனிடம் கேட்க வேண்டும். ஜல்லி, ஸ்லீப்பர் கட்டை, பாதையோரச் செடி பற்றி கேங்மேன் சொல்வதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, பழைய பயணிகள். போடி லைனை ஏலக்காய் வியாபாரிகளும், தேனி சந்தைக்குப் போனவர்களும், கல்லூரி மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு எந்தப் பக்கம் நாகமலை தெரிந்தது, ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறை எவ்வளவு கிட்டத்தில் உரசிப்போனது என்பதெல்லாம் நினைவிருக்கும். பின்னணித் திரை வரைய இது போதும்.

மூன்றாவது, சக பொழுதுபோக்காளர்கள். நகரில் ரயிலைப் படம் எடுப்பவர்கள் நிறைய. மாடல் கட்டுபவர்கள் குறைவு. இரு கூட்டத்தாரும் பிளாட்பாரத்தின் கோடியில் சந்தித்துக்கொள்வார்கள்.

ஒரு குறிப்பு: பணியில் இருப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். கேட் கீப்பர், லோகோ பைலட், பணியிலுள்ள ஸ்டேஷன் மாஸ்டர் ஆகியோரின் கவனம் கலைந்தால் உயிர் போகும். ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு; பேச்சை அவர் டூட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ராணுவ வண்டி, பாதுகாப்பு ஏற்பாடு, தலைவர்கள் வரும் சிறப்பு ரயில் பற்றி யாரிடமும் கேட்கக் கூடாது.

பேச்சைத் தொடங்கும் வரிசை

1. இன்றைய வண்டியில் தொடங்குங்கள். காலையில் புறப்படும் வைகை, இரவில் புறப்படும் பாண்டியன், பெங்களூருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய வந்தே பாரத் என்று ஏதாவது ஒன்று. எதிரிலிருப்பவருக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.

2. அவர் வேலை பார்த்த ஊரைக் கேளுங்கள். “ஐயா எந்த ஸ்டேஷன்ல இருந்தீங்க?” என்ற கேள்வி எல்லாக் கதவையும் திறக்கும். ‘பழைய காலத்துல எப்படி இருந்துச்சு?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

3. ஒரு நாளைக் கேளுங்கள். காலை முதல் வண்டி வருவதற்கு முன் அவர் என்ன செய்தார், விளக்கை யார் ஏற்றினார், ஒற்றைப் பாதையில் வண்டி போக அனுமதியான டோக்கனை யார் கொண்டு போனார் என்று வரிசையாகப் போனால் ஸ்டேஷனின் வரைபடம் தானாக விரியும். “ரூமிலிருந்து இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டி, பாயிண்டுக்குப் போவேன்” என்ற ஒரு வாக்கியத்தில் மூன்று பொருட்களின் இடம் கிடைத்துவிட்டது.

4. காகிதத்தையும் பென்சிலையும் அவர் கையில் கொடுங்கள். வாய் சொல்லாததைக் கை வரையும். கோடு கோணலாக இருந்தாலும் திருத்தாதீர்கள். பிறகு வேறொருவர் படத்தோடு ஒப்பிடலாம்.

5. நிறத்தையும் அளவையும் கடைசியில் கேளுங்கள். நினைவு சூடுபிடித்த பிறகுதான் இவை சரியாக வரும். அளவை மீட்டரில் கேட்காமல் ஆள் உயரத்திலும் பெட்டி எண்ணிக்கையிலும் கேட்க வேண்டும். “பிளாட்பாரத்துல எத்தனை பெட்டி நிக்கும்? மிச்சம் வெளியே நிக்குமா?” என்றால் உடனே பதில் வரும்.

6. பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள். மறுத்தால் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள்.

7. அன்று இரவே ஒரு பக்கம் எழுதுங்கள். தேதி, சொன்னவர் வகித்த பணி, அவர் எந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசினார் என்ற மூன்றும் பக்கத்தின் தலைப்பில் இருக்கட்டும்.

பெண்கள் பேசுவதைக் கேட்கத் தவறுகிறவர்கள் பலர். ரயில்வே குவார்ட்டர்ஸில் முப்பது ஆண்டு குடியிருந்த அம்மாவுக்கு, எந்த நேரத்தில் எந்த வண்டி போகும், குழாயடி எங்கே, வேலி எந்த மரத்தால் ஆனது என்பதெல்லாம் அத்துப்படி. குவார்ட்டர்ஸ் இல்லாத ஸ்டேஷன் மாடல் வெறிச்சென்று இருக்கும்.

சொற்களையும் சேர்த்து வையுங்கள்

கைகாட்டி, அவுட்டர், லூப், கிராசிங், ரேக், மிக்ஸட் வண்டி, கார்டு வேன் என்று பேச்சில் வரும் சொற்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ‘போடி வண்டி கிராசிங்குக்கு நிக்குது’ என்றால் எதிரே வேறொரு வண்டி வர வேண்டும், அதற்கு வழிவிட்டு ஒதுங்க லூப் லைன் வேண்டும், லூப் இருந்தால் பாதை மாற்றும் பாயிண்ட் இரண்டு வேண்டும். சொல் ஒன்றிலிருந்து பாதையின் அமைப்பே கிடைக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946லிருந்து மாடல் ரயில் மன்றம் ஒன்று இயங்குகிறது. மன்றத்தார் தங்களுக்குள் பேசிக்கொண்ட சொற்களை பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் 1959ல் அகராதியாகத் தொகுத்தார். இன்று உலகம் முழுதும் புழங்கும் ‘ஹேக்’ என்ற கணினிச் சொல் அந்த அகராதியில் இருந்தது. மாடல் மேஜையைச் சுற்றி நடந்த பேச்சை ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததால் கிடைத்தது இது. மதுரையின் ரயில் சொற்களும் அந்த மரியாதைக்கு உரியவைதான்.

சொன்னதைச் சரிபார்ப்பது

நினைவு பொய் சொல்வதில்லை, ஆண்டுகளைக் கலந்துவிடும். புகைவண்டி காலத்து ஸ்டேஷனையும் டீசல் காலத்துப் பெட்டியையும் ஒரே காட்சியாக ஒருவர் விவரிப்பார். கேட்பவர் அப்படியே கட்டிவிட்டால், பார்க்க வரும் அடுத்த ரயில்வேக்காரர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். பிறகு இந்த அடையாளக் கற்களோடு ஒப்பிடுங்கள்.

தென்னக ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14. அதற்கு முந்தைய காட்சி என்றால் பெட்டியில் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துகள் இருக்க வேண்டும். போடி லைன் 1928ல் திறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950களில்தான் மறுபடி வண்டி ஓடியது. ஆகவே 1945ல் உசிலம்பட்டியில் ரயில் நிற்பதாகக் கட்டினால் தவறு. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15ல் மீட்டர் கேஜ் வண்டியாகத் தொடங்கியது; அதற்கு முந்தைய காட்சியில் அதன் பெயர்ப்பலகை வரக் கூடாது. ஒய்.டி.எம்.-4 டீசல் இஞ்சின் 1960களில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்குச் சற்று முன் வந்தவை ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி இஞ்சின்கள். மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்: மீட்டர் கேஜ் போடி வண்டியின் தலைக்குமேல் கம்பி தொங்கினால் மொத்தமும் கெட்டது. புதிய பிராட் கேஜில் தேனிவரை வண்டி தொடங்கியது 2022 மே 26. போடிவரை 2023 ஜூன் 15.

அளவை நேரில் எடுக்க விரும்பினால் திருச்சிக்கு ஒரு நாள் போய் வரலாம். பொன்மலைக்கு அருகே 2014ல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை ஒட்டிய அருங்காட்சியகம் 2002லிருந்து இயங்குகிறது. நிற்கும் வண்டியை அளக்கும் முன் ஊழியரிடம் கேளுங்கள். படம் எடுக்கும்போது பெட்டியின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் அளவுகோலைப் பெட்டியோரம் சாய்த்து வைத்து எடுத்தால், பிறகு எல்லா அளவையும் படத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: ஒரே ஆள் சொன்னதை முடிந்த முடிவாக எடுப்பது, இன்று பளபளக்கும் ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு அதையே அன்றைய ஸ்டேஷனாகக் கொள்வது, பெரியவர் சொன்னது தவறு என்று தெரிந்ததும் அவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது. மூன்றாவது மிக மோசமானது. “இன்னொரு அண்ணன் வேற மாதிரி சொன்னாரு, எது சரிங்கய்யா?” என்று கேட்டால் அவரே யோசித்துத் திருத்துவார்.

பாம்பன் ஆசை

பேச்சு எங்கே தொடங்கினாலும் பாம்பனில் போய் நிற்கும். பழைய பாலம் 1914ல் திறந்தது, புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறந்தது. இரண்டில் ஒன்றைக் கட்டாமல் விடமாட்டேன் என்று புதியவர்கள் சொல்வார்கள். பழைய பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 மீட்டர். மதுரையில் எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை.

இடத்தைச் சுருக்கத் தெரிய வேண்டும். புதுப்பாலத்தின் மேலே தூக்கும் நடுப்பகுதி 72.5 மீட்டர், மாடலில் 83 செ.மீ. அது 17 மீட்டர் உயரும். மாடலில் இருபது செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மற்ற கண்கள் ஒவ்வொன்றும் 18.3 மீட்டர், மாடலில் 21 செ.மீ. தூக்குப் பகுதியையும் அதன் இருபுறம் இரண்டிரண்டு கண்களையும் மட்டும் கட்டினால் 1.7 மீட்டரில் பாலம் முடிந்துவிடும். பார்ப்பவர் கண் மிச்சக் கடலைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆனால் முதல் வேலையாக இதைத் தொடாதீர்கள். தூக்கும் இயந்திரம் சரியாக வர மாதங்கள் பிடிக்கும். பாதி பேர் அங்கேயே சலித்துவிடுகிறார்கள்.

முதல் வேலை: போடி லைனில் ஒரு சிறு ஸ்டேஷன்

கேட்ட பேச்சு மேஜைக்கு வரும் இடம் இது. ஹாலில் ஒரு சுவரோரம் 240 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் கிடைத்தால் போதும்.

1. 120 செ.மீ. நீளத்தில் இரண்டு பலகைச் சட்டங்கள் செய்யுங்கள். 12 மி.மீ. ப்ளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம். கரையான் மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு சட்டத்தையும் போல்ட், நட்டால் இணைத்தால் வீடு மாறும்போது கழற்றலாம்.

2. பலகைமேல் முழு அளவில் பாதையைப் பென்சிலால் வரையுங்கள். ஒரு மெயின் லைன், ஒரு லூப், இரண்டு பாயிண்ட். இஞ்சினும் மூன்று பெட்டியும் சேர்ந்து 90 செ.மீ. வரும் என்பதால் லூப்பில் நேரான பகுதி 100 செ.மீ. இருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் லூப்பைக் குட்டையாகப் போட்டுவிட்டு, கிராசிங் நடத்த முடியாமல் தவிக்கிறார்கள்.

3. பெரியவர் வரைந்து கொடுத்த படத்தை இப்போது எடுங்கள். வேப்பமரம், பாயிண்ட், ரூம், குழாயடி ஆகியவற்றுக்குக் காகித அட்டையில் வெட்டிய வடிவங்களைப் பலகையில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் அவரையே அழைத்துக் காட்டுங்கள். “கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுப்பா” என்று அவர் கைபடும் நாளில் வேலை பாதி முடிந்த மாதிரி.

4. தண்டவாளத்தைப் போட்டு, ஒவ்வொரு துண்டு தண்டவாளத்தையும் சரிபார்த்த பிறகு ஆணி அடியுங்கள். இணைப்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

5. மின்சாரம் கொடுத்து வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜல்லி போட வேண்டும். ஒரு வாரம் தினமும் ஓட்டுங்கள். ஜல்லி ஒட்டிய பிறகு தண்டவாளத்தைத் திருத்துவது கடினம்.

6. ஜல்லிக்கு எம்-சாண்டை ரவைச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். நிஜ ஜல்லி ஏறத்தாழ 5, 6 செ.மீ.; மாடலில் அரை மில்லிமீட்டருக்கு மேல் கொஞ்சம்தான். சலித்த மணலின்மேல் காந்தத்தை இரண்டு மூன்று முறை ஓட்டி இரும்புத்துகளை எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் துகள் இஞ்சின் மோட்டாருக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடும். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்ட் நகரும் இடத்தில் பசை படக் கூடாது.

7. ஸ்டேஷன் பெயர்ப்பலகை மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அந்த எண்ணையும் கேட்டு எழுதுங்கள். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள்.

8. மரம், மலை, மனிதர்கள். நாகமலையைப் பின்னணித் திரையில் வரைவதே நல்லது. பனைமரம் 20 மீட்டர் என்றால் மாடலில் 23 செ.மீ.; இவ்வளவு உயரமா என்று பயந்து குட்டையாக்காதீர்கள். பாதையோரம் கருவேல மரத்தைத் தாராளமாக வையுங்கள். பொம்மைக்கும் பாறைக்கும் திருப்பரங்குன்றம் அருகிலுள்ள விளாச்சேரிக்குப் போகலாம். கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர் அது. மண்ணும் காகிதக்கூழும் எந்தப் பதத்தில் விரிசல் விடாது என்பது அங்கே இருப்பவர்களுக்குப் பரம்பரை அறிவு.

இஞ்சின் பற்றி ஒரு வார்த்தை. ஒய்.டி.எம்.-4க்கு மூன்று அச்சு கொண்ட போகி (சக்கரச் சட்டம்) இரண்டு. அதே அமைப்பில் 12 மி.மீ. அடிச்சட்டம் கிடைப்பது அரிது. வெளிநாட்டு மீட்டர் கேஜ் மாடலின் இரண்டு அச்சு போகிமேல் பிளாஸ்டிக் தகட்டில் உடம்பு கட்டிப் பொருத்துவது நடைமுறை வழி. ஓடாத இஞ்சினைச் சரியான அளவில் கட்டி லூப்பில் நிறுத்தி வைத்தாலும் ஸ்டேஷனுக்கு உயிர் வந்துவிடும்.

வெயில் பற்றிய பேச்சும் பயன்தான்

‘என்னா வெயிலு’ என்பது மதுரையின் பொதுப் பேச்சு. மாடல்காரர் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 90 செ.மீ. தண்டவாளம், 25 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. நீளும். மார்கழியில் பாதை போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் போட்டால் இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் போதும். இடைவெளியே விடாமல் டிசம்பரில் ஒட்டிய பாதை, மே மாதம் பாம்புபோல் நெளிந்து நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஊதும். மொட்டைமாடி அறையில் மேஜை போடுபவர்கள் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிப் போட வேண்டும். தூசிக்குப் பழைய வேட்டி போர்த்தினால் போதும். தண்டவாளத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அழுக்கு முன்னைவிட வேகமாகச் சேரும்.

பாதுகாப்பு

பாதைக்குப் போவது 12 வோல்ட் நேர்மின்சாரம். சுவரில் வருவது 230 வோல்ட். இரண்டும் சந்திக்கும் இடம் அடாப்டர் மட்டுமாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. அல்லது பி.ஐ.எஸ். முத்திரை உள்ள அடாப்டரை வாங்குங்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள்.

சால்டரிங் அயர்ன் 25 வாட் போதும். அதற்கென்று ஒரு தாங்கி வாங்குங்கள். ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையோடு முறுக்கு சாப்பிடக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஸ்ப்ரே பெயின்டை மாடியில், முகக்கவசத்தோடு அடியுங்கள். ஆல்கஹால், தின்னர், ஸ்ப்ரே மூன்றும் எரியும் பொருள். பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் இருக்கும் அறையில் திறக்கக் கூடாது. விரலில் ஃபெவிக்விக் ஒட்டினால் பிய்க்காமல் வெந்நீரில் ஊறவிடுங்கள்.

ஸ்டேஷனில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம்வரை சிறை, 1,000 ரூபாய்வரை அபராதம். பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். மெயின் லைனில் தலைக்குமேல் ஓடுவது 25,000 வோல்ட். அதைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே இழுத்துவிடும். செல்ஃபிக் குச்சி, நீளமான அளவுகோல், குடைக்கம்பி எதையும் உயர்த்தாதீர்கள். நிற்கும் சரக்கு வண்டிமேல் ஏறிப் படம் எடுத்து இறந்த இளைஞர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. ஒரு பெட்டிக் கூரையின் நிறத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. நடைமேம்பாலத்திலிருந்து பார்த்தால் கூரை நன்றாகவே தெரியும்.

வீட்டுக்கு வந்தவர்களோடு ஓட்டுவது

மேஜை தயாரானதும் ஆட்களைக் கூப்பிடுங்கள். புனேயில் பி.எஸ். ஜோஷி உருவாக்கி 1998ல் திறந்த குட்டி ரயில் அருங்காட்சியகத்தில் வண்டிகளை விளக்கவுரையோடு ஓட்டிக் காட்டுகிறார்கள். வீட்டிலும் அதைச் செய்யலாம். ஆனால் வருகிறவருக்கு வேலை கொடுத்தால் பேச்சு இன்னும் நன்றாகப் பிறக்கும். மூன்று பேர் இருந்தால் இப்படிப் பிரியுங்கள்.

1. ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர். அவரிடம் ஒரு காகித டைம்டேபிள், இரண்டு கண்ணாடிக் கோலிக்குண்டு. ஒற்றைப் பாதையில் அந்நாளில் புழங்கிய பந்து டோக்கனுக்கு இவை பதில்.

2. ஒருவர் டிரைவர். கையில் கோலிக்குண்டு இல்லாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

3. ஒருவர் பாயிண்ட்ஸ்மேன். பாயிண்ட் மாற்றிவிட்டு ‘லூப் ரெடி’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கைகாட்டியின் கை கிடைமட்டமாக இருந்தால் நில், கீழே சாய்ந்தால் வா.

4. அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். மேஜையின்மேல் டீ கிளாஸ் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் யாராவது வந்திருந்தால் அவருக்குக் கோலிக்குண்டைக் கொடுங்கள். ஐந்தாவது நிமிடம் அவர் அதட்ட ஆரம்பிப்பார்: “டோக்கன் வாங்காம எங்கப்பா வண்டிய எடுக்குற?” குறிப்பு நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நேர்காணலில் வராத விவரமெல்லாம் அந்த அரை மணியில் வரும்.

கூப்பிட நல்ல சமயம் நவராத்திரி. கொலுவின் கீழே பூங்காவும் பொம்மை ரயிலும் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு; சுண்டலுக்கு வருகிறவர்கள் ரயிலைப் பார்த்ததும் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள். பெரிய பலகையைத் தூக்கிக் கொலுவில் வைக்க வேண்டாம். ஒரு முட்டை வடிவப் பாதையும் ஒரு சிறு ஸ்டேஷனும் போதும். கொலு விளக்கின் வெப்பம் படாத கீழ்ப்படிக்கு முன்னால், தரையில் பலகைமேல் வையுங்கள். அடாப்டர் வயரைக் கோலத்தின்மேல் இழுக்காமல் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டுங்கள். குழந்தைகளுக்கு வேகத் திருகியைக் கொடுக்கலாம்; தடம் புரண்ட பெட்டியைத் தூக்கி வைக்கும் வேலையைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். வந்தவர்களில் யாராவது ‘எங்க தாத்தா ரயில்வேதான், விருதுநகர்ல கார்டு’ என்று சொன்னால், சுண்டல் கொடுக்கும்போதே தாத்தாவைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டுவிடுங்கள்.